தம்பியோடு தொழில்: வீடு உங்களுடையது, பங்கு யாருடையது?

அவிநாசிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளம் தெரியும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது:

"என் வீட்டுக்காரர் பதினெட்டு வருடமாக ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறார். இப்போது புரொடக்‌ஷன் மேனேஜர், கைக்கு வரும் சம்பளம் 48,000. என் தம்பி ஆறு வருடமாக வாடகை ஷெட்டில் பன்னிரண்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகள் தரும் துணியைக் கூலிக்குத் தைப்பது) செய்கிறான். நாற்பது மெஷின் ஆக்கி, நேரடியாக ஆர்டர் எடுக்கலாம் என்கிறான். 'மச்சான் புரொடக்‌ஷனைப் பார்க்கட்டும், நான் பார்ட்டிகளைப் பார்த்துக்கிறேன், லாபம் ஆளுக்குப் பாதி' என்பது அவன் பேச்சு. எங்கள் பக்கம் வீட்டுக்காரரின் பி.எஃப். பணம் 9 லட்சம், என் நகையை வைத்து 12 லட்சம், அப்பா எனக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்த மனையில் கட்டிய வீட்டை வைத்து வங்கிக் கடன் 35 லட்சம். அவன் பக்கம் பழைய மெஷின்கள், 15 லட்சம் பெறும் என்கிறான். ஜி.எஸ்.டி. அவன் பெயரிலேயே இருக்கட்டும், நமக்குள்ளே எதற்குப் பத்திரம் என்கிறான். அப்பா நான்கு வருடத்துக்கு முன்பு உயில் எழுதாமல் தவறிவிட்டார். ஊரில் இரண்டு ஏக்கர் இருக்கிறது. 'தம்பி பாதிப் பங்கு தர்றானே, நீ நிலத்துல விடுதலை எழுதிக் கொடுத்துரு' என்கிறார் அம்மா. மாமியார் இந்தத் தொழிலே வேண்டாம் என்கிறார். ஆவணியில் பூஜை போட நாள் குறித்தாகிவிட்டது. நான் கையெழுத்து மட்டும்தான் போடப்போகிறேன். இருந்தாலும் தூக்கம் வரவில்லை. சொந்தத்தில் தொழில் செய்வது நல்லதா, கெட்டதா?"

அன்புச் சகோதரிக்கு,

நல்லதா கெட்டதா என்று ஒரே வரியில் சொல்ல முடியவில்லை. திருப்பூர் பனியன் தொழிலே அண்ணன் தம்பியும் மாமன் மச்சானும் சேர்ந்து கட்டியதுதான். என் மேசைக்கு வரும் கூட்டுத் தொழில் தகராறுகளிலும் அவர்கள்தான் அதிகம். இரண்டுமே உண்மை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தம்பிக்கு அதில் ஒரு வேலை இருக்கிறது, வீட்டுக்காரருக்கு ஒரு வேலை இருக்கிறது, அம்மாவுக்கும் மாமியாருக்கும் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. உங்களுக்கு இருப்பது "கையெழுத்து மட்டும்". ஆனால் போடப்போகும் 56 லட்சத்தில் 47 லட்சம் உங்கள் நகையும் உங்கள் வீடும். மற்ற எல்லாரையும்விட அதிகம் இழக்கக்கூடியவர் நீங்கள், தொழிலில் இடமே இல்லாதவரும் நீங்கள். தூக்கம் வராததற்குக் காரணம் தம்பி மேல் நம்பிக்கைக் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இந்தக் கணக்கு உங்கள் மனதுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

முதலில் சாதகத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சின்னதில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு லைன் ஓட்டத் தெரியும். தம்பிக்கு ஆர்டர் பிடிக்கத் தெரியும். வெளியாளைச் சேர்த்தால் இந்தப் பொருத்தம் அமைவது கடினம். சனிக்கிழமை ஆட்களுக்குச் சம்பளம் போட்டுவிட்டுக் கையில் ஒன்றும் மிஞ்சாத வாரத்தில், "எனக்கு அடுத்த வாரம் போதும்" என்று சொல்கிற பார்ட்னர் சொந்தத்தில்தான் கிடைப்பார். ஷிப்மென்ட் நெருங்கும்போது விடிய விடிய செக்கிங் டேபிளில் நிற்கவும் ஆள் தேட வேண்டாம். தொழிலைக் கற்றுக்கொண்டு பார்ட்டியைத் தட்டிக்கொண்டு போய்விடுவானோ என்ற பயமும் குறைவு.

அதே உறவுதான் பாதகமும். வேலை சரியில்லை என்றால் மேனேஜரை மாற்றலாம், மச்சானை மாற்ற முடியாது. கணக்கு கேட்டால் சந்தேகம் என்று ஆகிவிடும், கேட்காவிட்டால் மனதில் தங்கிவிடும். தம்பி புது வண்டி வாங்கினால் உங்கள் வீட்டில் ஒரு கேள்வி எழும். நீங்கள் பெண்ணுக்குத் தோடு வாங்கினால் அவர் மனைவிக்கு ஒரு கேள்வி எழும். உங்கள் பெண் எட்டாவது படிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு அவள் சீருக்குத் தாய்மாமனாக வந்து நிற்க வேண்டியவர் இதே தம்பி. வெளி ஆளோடு கூட்டு முறிந்தால் பணம் மட்டும் போகும். இங்கே முறிந்தால் சபையில் ஒரு இடம் காலியாகும். அதனால்தான் சொந்தத்தில் எழுத்து அதிகமாக வேண்டும் என்கிறேன், உங்கள் தம்பி சொல்வதற்கு நேர்மாறாக.

இனி, கடிதத்தில் நீங்கள் உறுதியாக நம்பி எழுதியிருக்கும் சில விஷயங்கள்.

"நான் கையெழுத்து மட்டும்தானே?"

வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து என்பது சாட்சிக் கையெழுத்து போல இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு என்கிறது. முதலில் தம்பியிடம் கேட்டுவிட்டு, அவரிடம் இல்லை என்றால்தான் உங்களிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை.

வீட்டை நீங்கள் வைக்கப்போவது மூலப்பத்திரத்தை ஒப்படைக்கும் அடமானமாக. பதிவு அலுவலகத்தில் எம்.ஓ.டி. (பத்திரம் ஒப்படைத்ததற்கான ஆவணம்) போடுவார்கள், வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கடன் வாராக்கடன் ஆகும். அதன் பிறகு 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, சிவில் கோர்ட்டில் வழக்குப் போடாமலே வங்கி வீட்டைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்கலாம். நோட்டீஸுக்கு நீங்கள் ஆட்சேபம் எழுதலாம், 15 நாளில் வங்கி பதில் தர வேண்டும். நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வழி இல்லாமல் இல்லை. ஆனால் "தொழில் செய்தது என் தம்பி, நான் கையெழுத்து மட்டும்" என்ற வாதம் அங்கே எடுபடாது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. அந்த வீடு உங்கள் பெயரில் செட்டில்மெண்ட் ஆனது. முழுச் சொந்தக்காரர் நீங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் வீட்டுக்காரரோ தம்பியோ அம்மாவோ அதை வைக்க முடியாது. இந்தப் பேச்சில் கடைசி வார்த்தை உங்களுடையது என்பதை எல்லாரும் மறந்துபோயிருக்கிறார்கள், நீங்கள் உட்பட.

"பத்திரம் இல்லாவிட்டால் போட்டது கடன்தானே, திருப்பிக் கேட்கலாமே?"

இல்லை. எழுத்தே இல்லாமலும் கூட்டுத் தொழில் உருவாகும். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் வாய்ப்பேச்சை மறுக்கவில்லை. மறுக்காததால் வரும் சிக்கல்தான் பெரிது. கூட்டு என்று ஆகிவிட்டால் போட்ட பணம் கடன் இல்லை, முதல், அதாவது மூலதனம். கலைக்கும்போது வெளிக்கடன்கள் முதலில் அடைய வேண்டும், அடுத்தது பங்குதாரர் தனியாகக் கொடுத்த கடன், அதன் பிறகுதான் முதல் திரும்பும்.

இன்னொரு பக்கம், ஜி.எஸ்.டி., வங்கிக் கணக்கு, ஷெட் வாடகை ஒப்பந்தம் எல்லாம் தம்பி பெயரில் இருந்தால், காகிதத்தில் அது அவருடைய தனித் தொழில். உங்கள் வீட்டுக்காரர் பார்ட்னர் என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு ஆகிவிடும். கடன் கொடுத்தவன் வரும்போது பார்ட்னர், லாபம் கேட்கும்போது சம்பளக்காரன் என்ற நிலைக்கு அவர் போய்விடலாம். உங்கள் தம்பி அப்படிச் செய்வார் என்று நான் சொல்லவில்லை. தம்பிக்கு ஏதாவது ஆனால் அவர் மனைவியின் பக்கத்து ஆட்கள் அந்தக் காகிதத்தைத்தான் பார்ப்பார்கள்.

கூட்டு தொடங்கினால் பழைய ஜி.எஸ்.டி. எண் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்துக்குத் தனிப் பான், அதன் பெயரில் புதிய ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். "அதுவே இருக்கட்டும்" என்றால் கூட்டே இல்லை என்றுதான் அர்த்தம்.

அம்மா முன்னிலையில் பேசி முடித்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்பானி சகோதரர்களுக்கு 2005இல் தாய் கோகிலாபென்தான் பேசிப் பிரித்துக் கொடுத்தார். அது எழுத்திலும் இருந்தது. ஆனாலும் எரிவாயு வழக்கில், குடும்பத்துக்குள் போட்டுக்கொண்ட அந்த ஒப்பந்தம் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கேயே அப்படி என்றால், திண்ணையில் உட்கார்ந்து பேசியதற்கு என்ன மதிப்பு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"நஷ்டம் வந்தால் போட்டதுதான் போகும்"

சாதாரணக் கூட்டு நிறுவனத்தில் பொறுப்புக்கு வரம்பு கிடையாது. துணிக்காரர், நூல்காரர், காஜா பட்டன்காரர் யாருக்குப் பாக்கி இருந்தாலும் ஒவ்வொரு பங்குதாரரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. ஒருவர் போட்ட ஆர்டருக்கு இன்னொருவர் கட்ட வேண்டி வரும். ஜி.எஸ்.டி. பாக்கிக்கும் இதே கதைதான்.

தம்பி எவ்வளவு நல்லவர் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது திருப்பூரில் நின்றுபோன தொழில்கள் எல்லாம் கெட்ட பார்ட்னர்களால் நின்றவை இல்லை. 2022இல் நூல் விலை ஏறியதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் அப்படியே. இதுவரை ஜாப் ஒர்க் செய்த தம்பிக்கு ஆர்டர் நின்றால் மெஷின் சும்மா நிற்கும், அவ்வளவுதான். நேரடி ஆர்டர் எடுத்தால் துணி வாங்கிய பாக்கியும் சேர்ந்து நிற்கும். பன்னிரண்டிலிருந்து நாற்பது மெஷினுக்குப் போவதைவிட, ஜாப் ஒர்க்கிலிருந்து நேரடி ஆர்டருக்குப் போவதுதான் பெரிய தாவல். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது.

பாதிக்குப் பாதி என்பதன் கணக்கு

35 லட்சம், 10.5 சதவீத வட்டி, ஏழு வருடம் என்று வைத்தால் தவணை மாதம் ஏறக்குறைய 59,000. நகைக் கடன் 12 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 9,000. வேலையை விட்டால் போகும் சம்பளம் 48,000. மொத்தம் 1,16,000. அதாவது, மாதம் இவ்வளவு உங்கள் வீட்டுக்கு வந்தால்தான் இன்றைய நிலையிலேயே இருப்பீர்கள். அதற்கு மேல் வருவதுதான் லாபம்.

தம்பி சொல்கிறபடி தவணை உங்கள் வீட்டுப் பொறுப்பு, லாபம் ஆளுக்குப் பாதி என்றால், யூனிட் மாதம் 2,32,000 லாபம் பார்த்தாக வேண்டும், நீங்கள் இன்றிருக்கும் இடத்தில் நிற்பதற்கு! அதே மாதம் தம்பி வீட்டுக்கு 1,16,000 தவணைச் சுமை எதுவும் இல்லாமல் போகும். அவர் இதைத் திட்டமிட்டுச் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. பேப்பர் பேனா எடுத்து யாரும் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவே.

தம்பி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. ஆறு வருடம் பார்ட்டிகளின் வாசலில் நின்று சம்பாதித்த பெயரில் பாதியை அவர் கொடுக்கிறார். அதற்கு விலை உண்டு. ஆகவே நான் சொல்லும் வழி: கடன் நிறுவனத்தின் பெயரில் வரட்டும், தவணை நிறுவனத்தின் கணக்கிலிருந்து போகட்டும். நீங்கள் ரொக்கமாகப் போடும் முதலுக்கும், மெஷின் வியாபாரி ஒருவரை வைத்து மதிப்புப் போட்ட தம்பியின் மெஷின்களுக்கும் ஒரே வட்டி விகிதம் எழுதுங்கள். ஆண்டுக்கு 12 சதவீதம் வரை வருமான வரிக் கணக்கில் செலவாக ஏற்பார்கள். வேலை செய்கிற இருவருக்கும் மாதச் சம்பளம். இவ்வளவும் போக மிஞ்சுவதைப் பாதியாகப் பிரித்தால் அதில் யாருக்கும் குறை இல்லை. சம்பளம், வட்டி இரண்டையும் எழுதாமல் விட்டால் சட்டப்படி இரண்டும் கிடையாது என்பதைக் கவனியுங்கள். எத்தனை மணி நேரம் உழைத்தாலும் பார்ட்னருக்குச் சம்பளம் இல்லை, பங்கு சமம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

நிலத்தை இதில் கலக்காதீர்கள்

இதில் மட்டும் எனக்கு இரண்டு யோசனை இல்லை. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்பா உயில் எழுதவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சுயமாக வாங்கிய நிலம் என்றால் அம்மா, தம்பி, நீங்கள் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. தாத்தா வழி வந்த பூர்வீகம் என்றால் கணக்கு வேறு, உங்கள் பங்கு அதைவிடக் கூடும். 2005ஆம் ஆண்டுத் திருத்தம் மகளுக்கும் பிறப்பிலேயே மகனுக்குச் சமமான உரிமை தந்தது. அதை 2020இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் இன்னும் தெளிவாக்கியது. "அப்பா மனை கொடுத்தாரே, சரியாகிவிட்டது" என்று அம்மா சொல்வது குடும்ப நியாயமாக இருக்கலாம். மனை கொடுத்ததால் மட்டும் நிலத்தில் உங்கள் பாத்தியம் போய்விடாது.

விடுதலைப் பத்திரம் பதிவான அன்றே உங்கள் பங்கு போய்விடும். அதற்கு ஈடாகச் சொல்லும் பாதிப் பங்கோ வாய்ப்பேச்சு. ஒன்று கல்லில் எழுதியது, இன்னொன்று காற்றில் சொன்னது. தம்பிக்கு நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று உங்களுக்கே மனதிருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து, தொழிலோடு சம்பந்தம் இல்லாமல், தனியாக. இப்போது வேண்டாம்.

சேர்வதாக இருந்தால் எப்படிச் சேர்வது

மூன்று பேர் பங்குதாரர்கள்: தம்பி, வீட்டுக்காரர், நீங்கள். வீட்டுக்காரரை மட்டும் சேர்த்தால் போதாதா என்பீர்கள். இரண்டே பேர் இருக்கும் கூட்டில் ஒருவர் இறந்தால், "வாரிசு தொடரலாம்" என்று எழுதியிருந்தாலும் நிறுவனம் அன்றே கலைந்துவிடும், ஒற்றை ஆள் கூட்டு என்று ஒன்று கிடையாது. மூவர் இருந்து, இறப்பால் கலையாது என்று ஒப்பந்தத்திலும் இருந்தால், மீதி இருவர் தொடரலாம். அதைவிட முக்கியமாக, பங்குதாரர் என்ற முறையில் கணக்குப் புத்தகத்தை எப்போது வேண்டுமானாலும் பார்க்கும் உரிமை உங்களுக்கு வரும். இன்று ஜாமீன்தாராக மட்டும் நின்றால் அந்த உரிமை இல்லை. இதில் ஒரு விலையும் உண்டு: பங்குதாரரானால் வங்கிக் கடனுக்கு மட்டும் அல்லாமல் வெளிப் பாக்கிக்கும் நீங்கள் பொறுப்பு.

அந்தப் பயத்துக்குத்தான் எல்.எல்.பி. (வரம்புள்ள பொறுப்புக் கூட்டு) என்ற வடிவம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனத்தின் கடனுக்குப் பங்குதாரரின் சொந்தச் சொத்து பொதுவாகப் பொறுப்பாகாது. ஆண்டுதோறும் மத்திய அரசின் பதிவாளருக்கு இரண்டு படிவங்கள் தாக்கல் செய்ய வேண்டும், ஆடிட்டர் செலவு கொஞ்சம் கூடும். நேரடி ஆர்டர், துணி பாக்கி என்று போகிற உங்கள் திட்டத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் ஒன்று: "எல்.எல்.பி. ஆக்கிவிட்டால் வீடு தப்பும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துணிக்காரரிடமிருந்து தப்பும். வங்கியில் வீட்டை வைத்து ஜாமீனும் போட்டிருந்தால் வங்கியிடமிருந்து தப்பாது.

சாதாரணக் கூட்டாகவே இருக்கட்டும் என்று முடிவெடுத்தால், ஒப்பந்தம் எழுதியதோடு விடாமல் மாவட்டப் பதிவாளரிடம் நிறுவனத்தைப் பதிவு செய்யுங்கள். பதிவு கட்டாயமில்லை என்று ஆவணம் எழுதுபவர் சொல்வார், சரிதான். ஆனால் பதிவில்லாத நிறுவனம் பாக்கி வைத்த பார்ட்டி மேல் வழக்குப் போட முடியாது. ஒப்பந்தத்தில் உள்ளதைச் செய்யச் சொல்லிப் பங்குதாரர்கள் ஒருவர் மேல் ஒருவர் போடவும் முடியாது. கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்கத்தான் முடியும். அதாவது சின்னச் சண்டைக்கும் தொழிலையே மூட வேண்டிய நிலை.

ஒப்பந்தத்தில் எது வேண்டும் என்று வக்கீல் சொல்வார். வக்கீலுக்குத் தோன்றாமல் போகக்கூடிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, ஒன்று உங்களுடையது. இவ்வளவு ரூபாய்க்கு மேல் துணி பாக்கிக்கு எடுப்பதானால் மூவரும் சம்மதிக்க வேண்டும். யார் தன் உறவினரை வேலைக்கு வைத்தாலும் மற்றவர் சம்மதம் வேண்டும். இதில்தான் பாதி மனஸ்தாபம் தொடங்குகிறது. வீட்டுச் செலவு, சீர், பொங்கல் வரிசை எதற்கும் யூனிட் பணத்தில் கைவைக்கக் கூடாது, எடுத்தால் அவரவர் கணக்கில் பற்று எழுதப்படும். விலகுகிறவர் பங்கை எப்படி மதிப்பது, எத்தனை தவணையில் கொடுப்பது, அன்றைக்கு வீட்டு அடமானத்தை யார் மீட்பது. கடைசியாகச் சொன்னது இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தகராறு வந்தால் யார் பேசி முடிப்பது என்பதையும் எழுதுங்கள். அது அம்மாவாக இருக்கக் கூடாது, பாவம் அவருக்கு இரண்டு பக்கமும் பிள்ளை.

விலகினால் மூன்று பேருக்குள் எழுதிக்கொண்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சட்டப்படியான பொது அறிவிப்பு கொடுக்கும்வரை வெளியாருக்குப் பொறுப்புத் தொடரும். ஜி.எஸ்.டி. துறைக்கும் ஒரு மாதத்துக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

வீட்டை வைக்காமல் முடியாதா?

முயற்சி செய்யாமலே வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. மெஷின்களையே ஈடாகக் கொண்டு, சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற சிறுதொழில் கடன் உத்தரவாதத் திட்டத்தில் வீடு, நிலம் கேட்காமல் சிறுதொழில் கடன் தர வங்கிகளுக்கு வழி இருக்கிறது. மேனேஜர் தானாகச் சொல்ல மாட்டார், சொத்து இருப்பது தெரிந்தால் அதைத்தான் கேட்பார். நீங்கள்தான் கேட்க வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் நீட்ஸ் போன்ற மானியத் திட்டங்களுக்கு உங்கள் வயதும் படிப்பும் பொருந்துமா என்றும் விசாரியுங்கள். பெண் பெயரில் மானியம் கிடைக்கும் என்பதற்காக மட்டும் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொள்ளாதீர்கள். கடனும் உங்கள் பெயரில்தான் இருக்கும்.

இன்னொன்று: ஏன் ஒரேயடியாக நாற்பது? இருபது, இருபத்துநான்கு மெஷினில் ஜாப் ஒர்க்காகவே ஒரு வருடம் ஓட்டலாம். வீட்டுக்காரர் வேலையை விடாமல், நீங்கள் பங்குதாரராகச் சேர்ந்து கணக்கைப் பார்க்கலாம். ஆட்களின் வாரச் சம்பளமும் பில் வசூலும் உங்களுக்கே பிடிபட்டுவிடும். பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்ததாக ஒரு ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள், அதை ஏன் யாரும் கணக்கில் எடுக்கவில்லை? புது நிறுவனத்தைச் சிறுதொழில்களுக்கான உத்யம் தளத்தில் பதிவு செய்துகொண்டால், பார்ட்டிகள் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டத்தின் துணையும் கிடைக்கும்.

வேலையை விடுவதாகவே இருந்தால் பி.எஃப். மட்டும் பார்க்காதீர்கள். பதினெட்டு வருட சர்வீஸுக்குக் கிராஜுவிட்டி உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 24,000 என்று வைத்தால் ஏறக்குறைய 2.5 லட்சம் வரும். பென்ஷன் பகுதிக்கு ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைக்கட்டும், பத்து வருடம் தாண்டியவருக்கு 58 வயதில் பென்ஷன் உரிமை இருக்கிறது.

தம்பியிடம் எப்படிச் சொல்வது

அம்மா வழியாகச் சொல்லாதீர்கள். போகிற வழியில் சொல் மாறிவிடும். வீட்டுக்காரரையும் பேசவிட வேண்டாம், மச்சான் நம்பவில்லை என்று ஆகிவிடும். நீங்களே தம்பி வீட்டுக்குப் போங்கள், அவர் மனைவியும் உடனிருக்கட்டும். "உன்மேல் சந்தேகம் இல்லைடா. உனக்கு ஏதாவது ஆனால் உன் பெண்டாட்டி பிள்ளைக்கு இந்தக் கம்பெனியில் என்ன இருக்கிறது என்று இவளுக்குத் தெரிய வேண்டாமா? அதற்குத்தான் எழுதச் சொல்கிறேன்" என்று தொடங்கிப் பாருங்கள். அது தந்திரப் பேச்சும் இல்லை, உண்மைதான்; ஒப்பந்தம் இல்லாவிட்டால் உங்கள் அளவுக்கு அந்தப் பெண்ணும் நடுத்தெருவில்தான். மேலே போட்ட 1,16,000 கணக்கைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

எல்லாம் கேட்டுவிட்டும் அவர் "எழுத்து என்றால் வேண்டாம் அக்கா" என்றால், வீடும் நகையும் தர முடியாது என்று சொல்லிவிட்டு, கொடுக்க முடிந்த தொகையை, இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ, கடனாக வங்கி வழியாகக் கொடுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனாக ரொக்கத்தில் கைமாற வருமான வரிச் சட்டம் இடம் தராது. புரோநோட் எழுதி வாங்குங்கள், மூன்று வருடத்துக்குள் புதுப்பியுங்கள். தம்பிக்கு உதவியதாக இருக்கும், தாய்மாமன் சீரும் நிற்கும். மாமியார் சொல்வது போல் முழுசாக ஒதுங்கவும் தேவையில்லை.

ஆவணி முகூர்த்தம் தவறினால் ஐப்பசியில் நாள் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத, பதிவு செய்ய, பான் வாங்க, ஜி.எஸ்.டி. எடுக்க நாள் பிடிக்கும். வக்கீல் செலவுக்குத் தயக்கமாக இருந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

வங்கியில் "பத்திரத்தைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போங்கம்மா, லீகல் ஒப்பீனியனுக்கு" என்பார்கள். ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள், சரிபார்க்க அசலைக் கேட்டால் எதிரிலேயே காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வாருங்கள். கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்து, அதில் கடன் வாங்குபவர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, தம்பியின் தனிப்பெயர் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பார்த்த பிறகுதான் மூலப்பத்திரம் பீரோவை விட்டு வெளியே வர வேண்டும்.